சூடேறிய பின் நடுங்கும் ஜீப் எஞ்சின்

மலைத் தோட்டங்களிலும், பாதை சரியில்லாத உட்கிராமங்களிலும் பழைய பெட்ரோல் ஜீப்புகள் சில இன்றும் நிலக்காரர்களிடம் உழைத்து வருகின்றன. காபி மூட்டையையும் உர மூட்டையையும் சுமப்பதோடு, இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் பல இடங்களில் இவ்வண்டிகளே. இவற்றின் சொந்தக்காரர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. காலையில் கிளப்பும்போது எஞ்சின் ஒழுங்காகவே ஓடுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பின், வண்டியை நிறுத்தி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் ஸ்லோவில் நிற்காமல் நடுங்குகிறது; திக்குகிறது; சில சமயம் அணைந்தும் விடுகிறது. மறுபடி வேகம் கொடுத்தால் யாதொரு குறையும் தெரிவதில்லை.

இதற்குச் சாதாரணமாகச் செய்யப்படும் வைத்தியம், கார்புரேட்டரிலுள்ள ஸ்லோ ஸ்குரூவைத் திருகி எஞ்சினின் வேகத்தை உயர்த்தி விடுவதேயாகும். நடுக்கம் அப்போதைக்கு மறையும். பழுதோ உள்ளேயே இருக்கும். அத்துடன் வேறொரு தீங்கும் வந்து சேரும். மலைப்பாதையில் கீழ் கியரில் இறங்கும் வண்டியை எஞ்சினே பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்லோ உயர்த்தப்பட்ட எஞ்சின் அவ்வாறு பிடிக்காமல் வண்டியை முன்னே தள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் ஒன்றையே நம்பி இறங்குவது எத்தகைய அபாயம் என்பதை மலைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே மறைந்துள்ள பழுது வால்வைப் பற்றியதானால், சில மாதங்களில் அந்த வால்வு கருகிப்போய், சில நிமிஷ வேலையில் தீர வேண்டிய காரியம் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றும் பெருஞ் செலவில் முடியும்.

ஆகவே கார்புரேட்டர் ஸ்குரூவில் கை வைப்பது கடைசி வேலையாக இருத்தல் வேண்டும். முதல் வேலை, பழுது எங்கே உள்ளது என்று அறிவது.

எஞ்சினின் அமைப்பு

நம் நாட்டில் 1940களின் இறுதி முதலே வில்லிஸ் ஜீப்புகள் பம்பாயில் மஹிந்திரா கம்பெனியாரால் பூட்டப்பட்டு வந்தன. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்னர் இங்கும் வெகுகாலம் செய்யப்பட்ட சி.ஜே. 3பி என்னும் வகையே குடியானவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. அதன் பானெட் மற்ற ஜீப்புகளுடையதைவிட உயர்ந்திருக்கும். உள்ளேயிருக்கும் ஹரிகேன் எஞ்சின் உயரமானது என்பதே அதற்குக் காரணம். நான்கு ஸிலிண்டர்களும் 134 கன அங்குலக் கொள்ளளவும் உடைய இந்த எஞ்சினில், காற்றும் பெட்ரோலும் கலந்து உட்புகும் வால்வுகள் மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கிலும் அமைந்துள்ளன. கலவை செல்லும் மானிபோல்டு தனியாக இல்லாமல் ஹெட்டுடனேயே வார்க்கப்பட்டுள்ளது. இவ்வண்டிகளில் அநேகம் பிற்காலத்தில் டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்டு விட்டன. இங்கே கூறப்படுபவை பெட்ரோல் எஞ்சினோடு நிற்பவற்றுக்கே பொருந்தும். ஆயினும் பரிசோதனை முறை, கார்புரேட்டரும் பாயிண்டும் உள்ள எந்தப் பழைய காருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

ஸ்லோவில் மட்டும் பழுது தெரிவதேன் என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டரின் திராட்டில் தகடு அநேகமாக மூடியிருக்கிறது. ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் போகும் கலவை மிகச் சொற்பம். மானிபோல்டினுள் உறிஞ்சும் வேகமோ மிக அதிகம். எங்கேனும் நூலளவு இடைவெளி இருந்தாலும் அதன் வழியே புகும் காற்று, அந்தச் சொற்பக் கலவையில் பெரும் பங்காகி அதை நீர்த்துப்போகச் செய்யும். சரியாக மூடாத வால்வின் வழியே கசிவதற்கும் இந்த மெதுவான ஓட்டத்தில் அவகாசம் அதிகம். வேகம் கூடியதும் கலவையின் அளவு பெருகுவதால் இக்குறைகளெல்லாம் அமுங்கி விடுகின்றன. "ஓடும்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று காரியத்தை ஒத்திப்போடுவதற்கு இதுவே இடமாகிறது.

இனி, குளிர்ந்திருக்கையில் தோன்றாத குறை சூடேறியதும் தோன்றுவதேன்? குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் இழுக்கப்பட்டு, கலவை கெட்டியாகக் கொடுக்கப்படுகிறது. காற்றுக் கசிவு இருந்தாலும் அந்த அதிகப் பெட்ரோல் அதை ஈடுகட்டி விடும். சோக்கைத் தள்ளியதும் குட்டு வெளிப்படும். இது ஒரு காரணம். உஷ்ணத்தால் இரும்பு நீள்வதும், காயில், கண்டென்ஸர் முதலிய மின்சார உறுப்புகள் தளர்வதும் மற்றக் காரணங்கள்.

முதலில் காதால் கேட்டல்

வண்டியைப் பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிய பின்னரே சோதிக்க வேண்டும். திறந்த வெளியில் நிறுத்துக. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் புகையிலுள்ள விஷவாயு மணமின்றியே ஆளைக் கொல்லும். தோளில் துண்டும் தொங்கும் வேஷ்டி முனையும் விசிறியருகே கூடா.

பானெட்டைத் திறக்குமுன் வண்டியின் பின்புறம் சென்று புகைக் குழாயின் ஓசையைக் கேட்க வேண்டும். ஓசை சீராக இருந்து எஞ்சின் மட்டும் ஆடுமாயின், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் நசுங்கியோ எண்ணெயில் ஊறியோ போயிருக்கும். அவற்றை மாற்றுவதோடு காரியம் முடிந்தது. இதை அறியாமல் கார்புரேட்டரைப் புதிதாக வாங்கிப் பூட்டினவர்களும் உண்டு.

ஓசையில் ஒரே ஒழுங்கான இடைவெளியில் ஓர் அடி விடுபடுமாயின், ஏதோ ஒரு ஸிலிண்டர் வேலை செய்யவில்லை. ஒழுங்கின்றி இங்குமங்கும் விடுபடுமாயின், நான்குக்கும் பொதுவான கலவையிலோ மின்சாரப் பொறியிலோ குறை. குழாயின் வாயருகே கெட்டியான காகிதம் ஒன்றைப் பிடித்துப் பார்ப்பது பழைய முறையாயினும் பயனுள்ளது. காகிதம் வெளியே மட்டும் தள்ளப்பட வேண்டும். இடையிடையே குழாய்க்குள் இழுக்கப்படுமாயின் புகை வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பிறகு எந்த ஸிலிண்டர் சோம்பல் என்று காண வேண்டும். எஞ்சின் ஸ்லோவில் ஓடுகையில், ரப்பர் கையுறையோ காய்ந்த கெட்டித் துணியோ கொண்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, உடனே திரும்ப மாட்டுக. பெட்ரோல் ஒழுகும் இடம் எதுவும் அருகில் இல்லை என்று முன்பே நிச்சயித்துக்கொள்ளல் அவசியம். ஒயரை எடுத்ததும் எஞ்சின் தளர்ந்தால் அந்த ஸிலிண்டர் உழைக்கிறது. எடுத்தும் யாதொரு மாறுதலும் இல்லையாயின் அதுவே குற்றவாளி. ரேடியேட்டர் பக்கம் உள்ளது முதலாவது ஸிலிண்டர். பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. அடுத்தடுத்துள்ள இரண்டு ஸிலிண்டர்கள் சோம்பினால், ஒயர்கள் இடம் மாறியுள்ளனவா என்று முதலில் பார்த்து, அதன் பின்னரே அவற்றிடையே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம் என்று எண்ண வேண்டும்.

காற்றுக் கசிவு

செலவில்லாமல் பார்க்கக்கூடியது இது. ஆகையால் முன்னே பார்க்கத் தக்கது. இந்த எஞ்சினில் மானிபோல்டு ஹெட்டுடன் ஒன்றாக இருப்பதால் மற்றக் கார்களில் கசியும் பல இணைப்புகள் இதில் இல்லை. கசியக்கூடிய இடங்கள் கார்புரேட்டரின் அடிக் கேஸ்கட், திராட்டில் தண்டு தேய்ந்த துவாரம், மானிபோல்டின் உறிஞ்சலால் ஓடும் மழைத் துடைப்பானுக்குச் செல்லும் குழாய், எஞ்சின் அடிப்பாகத்து ஆவியை மானிபோல்டுக்குக் கொண்டுவரும் சிறு வால்வு ஆகியவை. எண்ணெய்க் குப்பியால் எஞ்சின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இணைப்புகளின் மேல் விடுக. கசியும் இடத்தில் எண்ணெய் உள்ளிழுக்கப்பட்டு, சில வினாடி எஞ்சினின் ஓசை மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. சூடான எஞ்சினில் அது தீயை விலைக்கு வாங்குவதாகும்.

மேற்சொன்ன ஆவி வால்வைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் அநேகர் அப்படி ஒன்று இருப்பதையே அறியார். ஸ்லோவில் அது அநேகமாக மூடிக்கொண்டு, மிகச் சிறிதளவே ஆவியை விட வேண்டும். வருஷக்கணக்கில் எண்ணெய்க் கசடு சேர்ந்து திறந்தபடியே ஒட்டிக்கொண்டால், வேண்டாத காற்று அதன் வழியே தாராளமாக மானிபோல்டுக்குள் புகும். வேகத்தில் ஒரு தீங்கும் தெரியாது, ஸ்லோவில் நடுக்கம். வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி, வாயை விரலால் அடைத்துப் பார்த்தால், நடுக்கம் நின்று ஓட்டம் சீர்படுமானால் நோய் அகப்பட்டது. வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திப் பூட்டினால் போதும். கழுவியும் உள்ளிருக்கும் ஊசி ஆடவில்லையாயின் மாற்ற வேண்டும். அதன் துவாரத்தை நிரந்தரமாக அடைத்துவிடுவது தவறு. உள்ளே அடைபட்ட ஆவி எண்ணெயைக் கெடுத்து, சீல்களின் வழியே எண்ணெயை வெளித் தள்ளும்.

துடைப்பானுக்கு உதவும் இரட்டை டயஃபிரம் பெட்ரோல் பம்பு உள்ள வண்டிகளில், மேற்படி டயஃபிரம் கிழிந்தாலும் இதே குறை தோன்றும். துடைப்பான் குழாயை மானிபோல்டு அருகில் கழற்றி அடைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

டேப்பட் இடைவெளி

சூடேறியபின் தோன்றும் நடுக்கத்துக்கு இதைப்போல் பெரிய காரணம் வேறில்லை. இதைப்போல் கவனிக்கப்படாததும் வேறில்லை. வால்வின் தண்டு சூட்டில் நீளும். அதற்கு இடம் வைத்தே குளிர்ந்த எஞ்சினில் புகை வால்வுக்கு 0.016 அங்குலமும் கலவை வால்வுக்கு 0.018 அங்குலமும் இடைவெளி விட வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. இடைவெளி குறைந்திருந்தால், குளிரில் மூடும் வால்வு சூட்டில் முழுதும் மூடாது. ஸிலிண்டரில் அழுத்தம் குறையும். ஸ்லோவில் அந்த ஸிலிண்டர் திக்கும். புகை வால்வு, தன் இருக்கையில் அழுந்தி உட்காரும் நேரத்திலேதான் தன் உஷ்ணத்தின் பெரும்பகுதியை வெளிவிடுகிறது. உட்காராத வால்வு மேலும் சூடேறி, விளிம்பு கருகி, வெடித்துப் போகும்.

டேப்பட்டின் டிக்டிக் ஓசை பலருக்குப் பிடிப்பதில்லை. ஓசை அடங்கும்வரை இறுக்கி வைக்கும்படி பட்டறையில் கேட்பவர்கள் உண்டு; கேட்டபடி செய்து கொடுப்பவர்களும் உண்டு. இலேசான ஓசை எஞ்சினுக்கு ஆரோக்கியம். ஓசையே இல்லாத பழைய டேப்பட்டைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். மேலும், பெட்ரோலில் ஈயம் சேர்ப்பது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியுடன் இந்தியாவில் நின்றுவிட்டது. வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு காப்பாக இருந்தது. கடினப்படுத்தப்படாத இருக்கையுள்ள பழைய எஞ்சின்களில், பாரத்துடன் நெடுந்தூரம் ஓடும்போது புகை வால்வின் இருக்கை தேய்ந்து கீழிறங்கி, டேப்பட் இடைவெளி தானாகவே குறைந்துவிடும். யாரும் தொடாத டேப்பட்டும் இறுகும் என்பதை இதனால் அறியலாம்.

கலவை வால்வுகளை மேல் மூடியைக் கழற்றிச் சரிசெய்வது எளிது. புகை வால்வுகளுக்குப் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். இடம் நெருக்கமாகையால் மெக்கானிக்குகள் அதைச் செய்யாமலே மேலுள்ளதை மட்டும் பார்த்துவிட்டு விடுவதுண்டு. கருகுவதோ கீழுள்ள புகை வால்வே. வண்டிக்காரர் அருகிலிருந்து, எட்டு வால்வுகளும் ஃபீலர் கேஜினால் அளக்கப்பட்டனவா என்று கேட்டு அறிதல் நலம்.

இடைவெளி சரியாகியும் அந்த ஸிலிண்டர் உழைக்காவிடில், அழுத்தத்தை அளக்க வேண்டியதுதான். எஞ்சின் சூடாயிருக்கையில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி ஸெல்ஃபினால் சுழற்றி, ஒவ்வொன்றிலும் கேஜை வைத்துப் பார்ப்பர். இந்த எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 130 பவுண்டு காட்ட வேண்டும். நான்கும் சற்றுக் குறைந்து ஒத்திருந்தால் அது வயதின் தேய்வு. ஒன்றுக்கொன்று 10 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழுது. குறைந்த ஸிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் ரிங்கு தேய்ந்துள்ளது, உயராவிட்டால் வால்வே.

மின்சாரப் பொறி

பிளக்குகள் நான்கையும் வரிசை மாறாமல் துணியின்மேல் வைத்துப் பார்த்தால் அவை தாமே பேசும். இளம் பழுப்பு நிறம் நல்லது. நான்கும் உலர்ந்த கரியாயிருந்தால் கலவை கெட்டி. நான்கும் வெளுத்திருந்தால் கலவை நீர்த்தது. ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அந்த ஸிலிண்டரின் ரிங்கையோ வால்வு வழியையோ சந்தேகிக்கவும். பிளக் இடைவெளி 0.030 அங்குலம், பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத் தண்டைக் கையால் பக்கவாட்டில் அசைக்க, அது ஆடுமாயின் பாயிண்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். இத்தகைய ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஸ்லோவைச் சரிப்படுத்த எவராலும் முடியாது.

குளிரில் நன்றாக இருந்து சூட்டில் தளரும் உறுப்புகளுள் கண்டென்ஸர் முதலாவது. அதைப் பார்வையால் அறிய இயலாது. நல்லதென்று தெரிந்த வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே வழி. விலை சொற்பமாகையால் வண்டியில் ஒன்று கூடுதலாக வைத்திருப்பது தகும்.

பெட்ரோலும் கார்புரேட்டரும்

சூடான வண்டியைப் பத்து இருபது நிமிஷம் நிறுத்திவைத்துக் கிளப்பும்போது மட்டும் ஒரு நிமிஷம் நடுங்கிப் பின் தெளியுமானால் அதைப் பழுதென்று கொள்ள வேண்டியதில்லை. எஞ்சினின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மானிபோல்டில் வழிந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரைப் பலமுறை மிதிக்காமல், முழுதும் ஒரே அழுத்தாக அழுத்தியபடி கிளப்பினால் அது விலகும்.

இப்போது விற்கப்படும் பெட்ரோலின் தன்மையையும் கருத வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தொடங்கி 2025க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலில் பிராணவாயு சேர்ந்திருப்பதால், பழைய ஜெட்டுகளின் வழியே வரும் கலவை முன்னிலும் நீர்த்ததாகும். சற்றே கசியும் எஞ்சின் இதனால் இன்னும் திக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் டயஃபிரங்களையும் அது இளக்கும். ஈரத்தையும் உறிஞ்சுமாகையால், அறுவடைக்கு மட்டும் வெளியே எடுத்து மற்ற மாதங்களில் கொட்டகையில் நிற்கும் வண்டியின் டாங்கியில் நீர் அடியில் தங்கக்கூடும். கிண்ணத்தையும் டாங்கியின் அடியையும் வடித்துப் பார்த்தல் நலம்.

மேற்கூறிய யாவும் சரியான பின்னரே ஸ்குரூவுக்கு வர வேண்டும். கலவை ஸ்குரூவை எஞ்சின் தளரும்வரை மெல்ல உள்ளே திருகி, பின்பு மறுபடி தளரும்வரை வெளியே திருகி, இரண்டுக்கும் நடுவே மிகச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துக. இறுக அழுத்தினால் ஊசி முனை பள்ளம் விழுந்து கெடும். இந்த ஸ்குரூவே ஒரு பரிசோதனைக் கருவியுமாகும். முழுதும் உள்ளே திருகியும் எஞ்சினில் மாறுதல் இல்லையாயின், பெட்ரோல் வேறு வழியில் வருகிறது. மிதவை மட்டத்தையும் ஊசி வால்வையும் பார்க்கவும். மூன்று நான்கு சுற்று வெளியே எடுத்தால்தான் ஓடுமாயின், ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது காற்றுக் கசிவு இன்னும் தீரவில்லை.

வாக்குவம் கேஜ் கிடைத்தால் துடைப்பான் குழாயின் இடத்தில் மாட்டி, முள் உயர்ந்து அசையாமல் நிற்குமாறு ஸ்குரூவை வைக்கலாம். சமவெளியில் நல்ல எஞ்சின் 18 முதல் 20 அங்குலம் காட்டும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். சுமார் 5,000 அடி உயரமுள்ள ஏற்காட்டில் 14 காட்டும் எஞ்சினைப் பழுதென்று சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அவர் சேலத்தில் சரிப்படுத்தி அனுப்பும் கார்புரேட்டர் மலைமேல் சற்றுக் கெட்டியாகவே கொடுக்கும்; காற்று அங்கே இலேசானது. மலையில் உழைக்கும் வண்டியின் ஸ்குரூவை மலையிலேயே, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் வைத்து, கடைசியாக ஸ்லோ ஸ்குரூவால் நிமிஷத்துக்கு 600 சுற்றுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.